தையல்காரர்கள் தெருவின் அகலம்

ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நானும் உங்களைப் பார்த்ததில்லை. உங்கள் அம்மா அனுப்பிய போட்டோவில் பட்டமளிப்பு அங்கி போட்டுக்கொண்டு கேமராவை முறைக்கிறீர்கள், அவ்வளவுதான் தெரியும். இந்த மாதம் இருபத்தொன்றாம் தேதி பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் அம்மாவைத் திருமணம் செய்துகொள்ளப் போகிறவர் என் அப்பா. அதனால் நீங்களும் நானும் ஏதோ ஒரு முறை ஆகப் போகிறோம். என்ன முறை என்று அத்தையைக் கேட்டேன். அப்பாவின் அக்கா அவர். உறவு சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவரே சற்று யோசித்துவிட்டு, "முதல்ல அந்தப் பையனுக்கு என்ன வயசுன்னு கேளு, அப்புறம் சொல்றேன்" என்றார். எனக்கு முப்பத்தெட்டு. உங்களுக்கு?

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். பதினைந்து வருஷமாகிறது. இதுவரை சேதம் மூன்று சுவர், ஒரு பெட்டிக்கடை. எதையும் நான் இடிக்கவில்லை, மாணவர்கள்தான். என் கணவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். வண்டியில் ஏறி உட்கார்ந்தாலே அவருக்குக் குமட்டும். டிரைவிங் ஸ்கூல்காரிக்கு அப்படி ஒரு மாப்பிள்ளை.

நம் பெற்றோர் சந்தித்த கதை உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். போன வருஷம் உங்கள் ஊர் அரண்மனைக்கு எதிரே ஒரு பழைய விடுதியில் லிஃப்ட் பழுது பார்க்க ஒரு வாரம் வந்தார். தினமும் அரண்மனை அருங்காட்சியகத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கினார். டிக்கெட் கொடுத்தவர் உங்கள் அம்மா. ஏழாம் நாள் அவர், "உள்ள எதுவும் மாறலைங்க. நேத்து இருந்த அதே வாள், அதே நாற்காலிதான்" என்றாராம். அப்பா, "நான் இன்னும் உள்ள போகவே இல்லைங்க. டிக்கெட் வாங்கத்தான் வர்றேன்" என்றாராம். அறுபத்தொரு வயதில்! எங்கள் வீட்டில் காய்கறிக்காரரிடம் பேரம் பேசவே கூச்சப்படும் மனிதர்!

பதினாறாம் தேதி ஒன்பது பேர் ஒரே வேனில் கிளம்புகிறோம். நான்தான் ஓட்டுகிறேன். அப்பாவைத் தவிர யாரும் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. சித்தப்பா இப்போதே "கோட்டை, அரண்மனை, மணிக்கூண்டு, பீரங்கி" என்று சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் போகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். நீங்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். எதை முதலில் பார்க்கலாம், எதை விடலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் எந்த நாள் வருகிறீர்கள் என்றும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மணமகனின் மகள்

ஏப்ரல் 6
மலைப்பாதை அளவை முகாம்

அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. என் வயது 41.

திருமணத்துக்கு நான் வருவதாக இல்லை. முகாமில் சிக்னல் கிடையாது. போன மாதம் கீழே ஊருக்கு இறங்கியபோது அம்மா போனில் விஷயத்தைச் சொன்னார். நான் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

காரணத்தைத் தங்களிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா போய்விட்டார். அதன்பின் நாங்கள் இரண்டே பேர்தான். வேலை கிடைத்ததிலிருந்து, என்னோடு வந்து இருங்கள் என்று அம்மாவைக் கூப்பிடுகிறேன். மாற்றலாகிப் போன ஒவ்வொரு ஊரிலும் அவருக்கென்று ஓர் அறை சேர்த்து வீடு பிடித்தேன். ஐந்து வீடுகள். ஐந்து அறையும் காலி. "இந்த ஊரை விட்டு வர மாட்டேன்டா" என்பதுதான் பதில். இப்போது ஏழு டிக்கெட் வாங்கிய ஒருவருக்காகப் பெட்டி கட்டுகிறார் என்றால், குறை கூப்பிட்டவனிடம்தான் என்று அர்த்தமாகிறது.

ஊர் பார்ப்பது பற்றி:

கோட்டைக்குக் காலை ஏழு மணிக்குப் போகவும். ஒன்பது மணிக்குமேல் கல் கொதிக்கும். மணிக்கூண்டுக் கடிகாரம் இருபது நிமிஷம் பிந்தும். ஊர்க்காரர்களும் அதற்கேற்பப் பிந்துவார்கள். பீரங்கி எந்தப் போரிலும் சுட்டதில்லை. வழிகாட்டிகள் கண்ணீர்விட்டுச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

வேனைக் கிழக்கு வாசல் வழியாக மட்டுமே கொண்டுவரவும். வடக்கு வாசலில் நுழைந்தால் தையல்காரர்கள் தெருவில் மாட்டிக்கொள்வீர்கள்.

இப்படிக்கு,
நில அளவையர்

ஏப்ரல் 10

ஐயா,

"அம்மையீர்" என்று பார்த்ததும் கோர்ட் நோட்டீஸ்தான் வந்துவிட்டது என்று என் கணவர் தண்ணீர் குடித்தார்.

யார் சொன்னது உங்கள் அம்மா பெட்டி கட்டுகிறார் என்று? பெட்டி கட்டுவது என் அப்பா. கல்யாணம் முடிந்து உங்கள் அம்மாவின் வீட்டிலேயே தங்கிவிடப் போகிறார். "இந்த ஊரை விட்டு வர மாட்டேன்" என்பதை உங்கள் அம்மா எங்களிடமும்தான் சொன்னார். அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "லிஃப்ட் இல்லாத ஊரே கிடையாதும்மா, எங்க போனாலும் பொழைச்சுக்குவேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஸ்பானர்களை எல்லாம் துடைக்க ஆரம்பித்துவிட்டார். போனைப் பாதியில் வைத்தால் பாதிச் சேதிதான் கிடைக்கும், ஐயா.

எனக்கு மட்டும் எல்லாம் இனிக்கிறது என்று நினைத்தீர்களா? அம்மா இறந்து ஆறு வருஷம். அன்றிலிருந்து அப்பா எங்களோடுதான் இருக்கிறார். காலையில் பேப்பரை எனக்கு முன்னால் எடுத்துவிடுவார் என்று தினமும் சண்டை போடுவேன். இனி பேப்பர் எனக்கே எனக்கு. போன வாரம் அவர் உங்கள் அம்மாவிடம், என் அம்மாவின் படத்தை எடுத்து வரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். "அவங்களை மட்டும் எதுக்குத் தனியா விட்டுட்டு வரணும்?" என்றார் உங்கள் அம்மா. அந்த நிமிஷமே எழுந்து அம்மாவின் படத்தைத் துடைத்து அப்பாவின் பெட்டியில் வைத்தேன்.

ஒன்பது பேராகப் போய் எட்டுப் பேராகத் திரும்பப் போகிறவள் நான். நான் ஒப்பாரியா வைத்துக்கொண்டிருக்கிறேன்? வேனுக்குப் புது சீட் கவர் தைத்துக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் நிறம்!

வடக்கு வாசல் பற்றிய எச்சரிக்கைக்கு நன்றி. பதினைந்து வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவளுக்குத் தெரு பார்க்கத் தெரியும்.

ம. மகள்

ஏப்ரல் 13

அம்மா,

தங்கள் பத்தாம் தேதிக் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

"நான் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்டா, இனிமே..." என்று என் அம்மா சொன்ன இடத்தில் போனை வைத்தேன். இனிமேலுக்குப் பிறகு என்ன வந்திருக்கும் என்று நானே இட்டு நிரப்பிக்கொண்டேன். அளக்காத இடத்தை மனக்கணக்கில் நிரப்புவது எங்கள் தொழிலில் பெருங்குற்றம். தங்கள் மனத்தைப் புண்படுத்தியதற்கு வருந்துகிறேன்.

வர முடியாது என்பதில் மாற்றமில்லை. மழைக்கு முன் பாதை அளவை முடிய வேண்டும். மேலதிகாரி லீவு என்ற சொல்லைக் கேட்டாலே காது கேளாதவர் ஆகிவிடுவார். இது சாக்கு அல்ல. பாதி சாக்கு.

பதில் எழுதுவதென்றால்: பஸ் நிலையத்தை ஒட்டியுள்ள விடுதியில்தான் தங்குகிறீர்கள் என்று அம்மா முன்பு அனுப்பிய அழைப்பில் இருக்கிறது. அங்கிருந்து காலை ஏழு மணிக்கு மலையடிவாரத்துக்கு ஒரு பஸ் கிளம்பும். நடத்துநர் எனக்குத் தெரிந்தவர். கையில் கொடுத்தால் முகாமின் காய்கறி ஜீப்பில் சாயங்காலமே எனக்கு வந்துவிடும்.

ஊர் வரைபடம் இரண்டு தாளில் இணைத்திருக்கிறேன். சிவப்புப் பென்சிலில் போட்ட தெருவில் வேன் போகாது. மறுபடியும் சொல்கிறேன்.

நில அளவையர்

ஏப்ரல் 16
விடுதி, அறை எண் 9

அண்ணா,

(அத்தையின் தீர்ப்பு: நாற்பத்தொன்று முப்பத்தெட்டைவிடப் பெரிது. மேல்முறையீடு கிடையாது.)

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வடக்கு வாசல் வழியாகத்தான் வந்தேன்.

வரைபடம் சித்தப்பாவிடம் இருந்தது. அவர் முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசித்தவர். சாதாரணமாகப் பேசவே வராது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வடக்கு வாசல் இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்" என்றார். வாசலோ அவ்வளவு உயரம், அவ்வளவு அழகு! யானையே போகும் என்று நுழைத்துவிட்டேன். உள்ளே போகப் போகத் தெரு என்னை இறுக்கிக்கொண்டே வந்தது. கண்ணாடிகளை மடக்கினேன். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டேன், ஏதோ அதனால் வேன் மெலிந்துவிடும்போல. கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் "கிரீச்" என்றது. அவ்வளவுதான். கதவு திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு தையல் கடை. கடைக்காரர் தைத்துக்கொண்டிருந்த சட்டையோடு என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். அப்படியே கை நீட்டினால் பட்டன் வைத்துக் கொடுக்கலாம்.

பின்கதவு வழியாக ஒவ்வொருவராக இறக்கினோம். என் கணவர்தான் முதலில் இறங்கினார், நன்றியோடு. அத்தை மட்டும் அசையவில்லை. "நான் எழுந்தா யாராவது என் சீட்டைப் பிடிச்சுக்குவாங்க." மாடி ஜன்னல்களில் ஊரே கூடிவிட்டது. "லெஃப்ட்ல ஒடிம்மா!" "ரைட்ல ஒடிம்மா!" ஒடிக்க இடம் இருந்தால் நான் ஏன் இங்கே நிற்கிறேன்? தையல்காரர் டேப்போடு வந்து வேனை அளந்தார். முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல், "மேடம், ரெண்டு பக்கமும் ஒரு இஞ்சு பிடிச்சுத் தைச்சாத்தான் உண்டு" என்றார்.

அப்போதுதான் உங்கள் அம்மா வந்தார். கவுன்ட்டரை வேறு யாரிடமோ விட்டுவிட்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு, அரை ஓட்டமாக. நான் அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வேனின் பின்கண்ணாடிக்குள்! கையாட்டினார். நானும் ஆட்டினேன். அப்பா பக்கத்தில் நின்று காது சிவந்தார்.

"பயப்படாதம்மா. நேரா பின்னாடி வா. நான் நம்பர் சொல்றேன்" என்றார். என்ன நம்பர்? குனிந்து சுவரைப் பார்த்தார். அண்ணா, அங்கே உங்கள் நம்பர்கள் இருந்தன! முழங்கால் உயரத்தில், சிவப்புப் பெயின்டில், பத்தடிக்கு ஒன்றாக: 5-11, 6-1, 6-4. உங்கள் அம்மா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே பின்னால் நடந்தார். "அஞ்சு அடி பதினொண்ணு, ஆடாம வா... ஆறு ஒண்ணு, இப்போ மூச்சு விடு... ஆறு நாலு, கொஞ்சம் இடது திருப்பிக்கோ!" ஏலம் விடுகிறவர்போலக் குரல். நான் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். தெரு முழுக்கக் கைதட்டல். அத்தை உள்ளே இருந்தபடியே எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

"என் மகன் பதினாலு வயசுல அளந்தது" என்று உங்கள் அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். தையல்காரர் என் காதருகே வந்து, "இந்தம்மா தொல்லை தாங்காதுங்க. எந்த வீட்டுக்கு வெள்ளையடிச்சாலும் லீவு போட்டுட்டு வந்து நிப்பாங்க. அந்த நம்பரை மட்டும் விட்டுட்டு அடின்னு" என்றார்.

வேனின் இரு பக்கமும் நீளமாக ஒரு கோடு விழுந்திருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது.

தங்கை

ஏப்ரல் 18

தங்கைக்கு,

5-11 என்பது தவறு. உண்மையான அளவு ஐந்து அடி பத்தரை. அன்று டேப் தொய்ந்திருந்தது. இருபத்தேழு வருஷமாக எனக்கு அது உறுத்தல். உன் வேன் எப்படி மாட்டியது என்பதற்கு அதுதான் விளக்கம்.

இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். டீ குடித்தேன். மறுபடி எழுதுகிறேன்.

அந்த நம்பர்களை எழுதிய அன்று அம்மா என் காதைப் பிடித்து எட்டு வீட்டுப் படியிலும் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தார். "அடுத்தவன் சுவர்ல கிறுக்குற பிள்ளையைத்தான் பெத்தேன்" என்றார். அவர் என்னால் தலைகுனிந்தார் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அளவை வேலையில் சேர்ந்தபோதுகூட அவரிடம் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தத் தெருப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். போயிருந்தால் பார்த்திருப்பேன்.

எத்தனை நம்பர்கள் மிச்சம் இருக்கின்றன? நான் எழுதியது பதினான்கு.

கோட்டைக்குக் காலை ஏழு மணிக்குப் போனீர்களா?

அண்ணன்

ஏப்ரல் 19, காலை

அண்ணா,

உங்கள் கடிதம் விடிந்ததும் வந்தது. ஏழு மணி பஸ் கிளம்புமுன் இதை முடிக்க வேண்டும். நடத்துநர் கீழே டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

பதினான்கும் இருக்கின்றன. நேற்றே போய் எண்ணிவிட்டேன்.

கோட்டைக்குப் பத்து மணிக்குப் போனோம். ஒன்பது பேரைக் கிளப்புவது என்றால் சும்மாவா? கல் கொதித்தது. சித்தப்பா உச்சியில் நின்று, "கோட்டை உச்சியிலிருந்து புறப்பட வேண்டிய குடும்பம், இன்னும் சிறிது நேரத்தில் மயங்கி விழும்" என்று அறிவித்தார். வேறு குழுக்காரர்கள் அவரை அரசாங்க வழிகாட்டி என்று நினைத்துக் கூடவே வர ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பும்போது எங்கள் பின்னால் இருபத்துமூன்று பேர். பீரங்கி பற்றி நீங்கள் எழுதியதைச் சொல்லப் போனேன். அத்தை அதன் வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். "எத்தனை பேரைக் கொன்னிருக்கும்!" சொல்ல மனம் வரவில்லை.

அரண்மனையில்தான் அப்பா மாட்டினார். ஏழு தடவை வந்தவராயிற்றே என்று எல்லோரும் அவரை முன்னால் விட்டோம். "இந்த நாற்காலி யாருதுடா?" என்று அத்தை கேட்டார். "ராஜாவோடது." "எந்த ராஜா?" அப்பா நன்றாக யோசித்து, "உட்கார்ந்த ராஜா" என்றார். இரண்டாவது மண்டபம் என்று அவர் கூட்டிப்போன கதவு, துடைப்பம் வைக்கும் அறை. விஷயம் கவுன்ட்டருக்குப் போய், உங்கள் அம்மா சிரித்த சிரிப்பில் டிக்கெட் புத்தகத்தையே குறுக்கே கிழித்துவிட்டார். அப்பா அவர் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது வயதுப் பையன்கள் அப்படி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை, அண்ணா. எனக்கும் சிரிப்புதான் வந்தது.

இனி முக்கியமான விஷயம். பதிவாளரின் படிவத்தை நேற்று உங்கள் அம்மா வீட்டில் பார்த்தேன். ஆளுக்கு ஒரு சாட்சி வேண்டும். அப்பா பக்கம் சித்தப்பா கையெழுத்துப் போடுகிறார். உங்கள் அம்மா பக்கம் காலி. "கூட வேலை செய்றவங்க யாரையாவது எழுதிடலாமே?" என்றேன். "எழுதலாம்" என்றார். பேனாவை மூடி வைத்தார். "எழுதலாம்மா, அவசரம் என்ன" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். அவர் உங்கள் பெயரை வாயால் சொல்லவில்லை. சட்டம் போட்ட போட்டோ மட்டும், அந்த முறைக்கிற போட்டோ, படிவத்தின் மேல் காற்றுக்குப் பறக்காமல் இருக்க வைக்கப்பட்டிருந்தது.

படிவத்தை இருபத்தொன்று காலை பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும். சாட்சிக் கட்டம் காலியாக இருந்தால் பதிவு நடக்காது. அவ்வளவுதான் என்னால் எழுத முடியும். நடத்துநர் விசில் அடிக்கிறார்.

தங்கை

ஏப்ரல் 20, மாலை ஐந்து
மலையடிவாரம், பஸ் நிலையம்

தங்கைக்கு,

என் பெயரை எழுதச் சொல். எழுத்துப்பிழை இல்லாமல்.

இதை நடத்துநரிடம் கொடுக்கத்தான் ஜீப்பில் இறங்கினேன். வாங்கிக்கொண்டு அவர், "லெட்டரை மட்டும் அனுப்புறீங்களே சார், பின்னாடி சீட் காலியாத்தான் இருக்கு" என்றார். மேலதிகாரிக்கு ஜீப் ஓட்டுநரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் லீவு என்ற சொல் இல்லை. "போகிறேன்" என்று மட்டும் இருக்கிறது.

ஆகவே இந்தக் கடிதத்தை நானே உன் கையில் கொடுப்பேன். எழுதியாகிவிட்டது, கிழிக்க மனமில்லை.

அண்ணன்

ஏப்ரல் 25

அண்ணா,

ஊர் வந்து சேர்ந்தோம். எட்டுப் பேர்.

விடிகாலையில் நீங்கள் கதவைத் தட்டியதும் அத்தை திறந்து, "டீ ஒன்பது" என்றாரே, அதைச் சொல்லிச் சொல்லி இங்கே இன்னும் சிரிக்கிறோம். நீங்கள் "நான் மகன்" என்றீர்கள். "சரிப்பா, டீ எங்க?" என்றார். நீங்களும் உண்மையிலேயே கீழே போய் ஒன்பது டீ வாங்கி வந்தீர்கள், பாருங்கள், அப்போதே அத்தை முடிவு கட்டிவிட்டார், இது நம்ம வீட்டுப் பிள்ளைதான் என்று.

பதிவாளர் அலுவலகத்தில் அழுகையும் கட்டிப்பிடிப்பும் இருக்கும் என்று நான் கைக்குட்டையோடு தயாராக இருந்தேன். உங்கள் அம்மா உங்களை ஏற இறங்கப் பார்த்தார். மூடியைக் கழற்றிப் பேனாவை உங்கள் கையில் கொடுத்தார். நீங்கள் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அவர் மூடியைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரியும்.

இப்போது என் விஷயம். கிளம்பும்போது அப்பா கையாட்டினார். நான் ஹார்ன் அடித்தேன், சித்தப்பா அறிவித்தார், எல்லாம் கலகலப்பாகத்தான் இருந்தது. நூறு கிலோமீட்டர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். வழக்கம்போல "ஒண்ணுல சர்க்கரை வேண்டாம்" என்றேன். சர்க்கரை இல்லாத டீ அப்பாவுக்கு. அது மேஜைமேல் ஆறிக்கொண்டே இருந்தது. வேனுக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன். என் கணவர் அந்த டீயை எடுத்துக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவருக்குக் கசப்பே ஆகாது.

தினமும் போன் செய்கிறேன். "நல்லா இருக்கேன்மா. நீ நல்லா இருக்கியா? வச்சிடட்டுமா?" முடிந்தது. அம்மாவை அங்கே விட்டுவிட்டு இத்தனை வருஷம் நீங்கள் எப்படி இருந்தீர்கள்? எனக்கு நாலு நாளே தாங்கவில்லை.

தங்கை

ஏப்ரல் 30
முகாம்

தங்கைக்கு,

நான் நன்றாக இருக்கவில்லை. அதனால் என்னிடம் முன்மாதிரி தேடாதே. ஆனால் என்ன தப்புச் செய்தேன் என்பது தெரியும். அதைச் சொல்கிறேன்.

இந்த முகாமுக்கு வரும்வரை வாராவாரம் போனில் அம்மாவிடம் மூன்று கேள்விகள் கேட்பேன். சாப்பிட்டீர்களா? மருந்து எடுத்தீர்களா? எப்போது என்னோடு வருகிறீர்கள்? முதல் இரண்டுக்கும் ஆமாம். மூன்றாவதற்கு "வர மாட்டேன்டா." அவருடைய நாளில் என்ன நடந்தது என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் வெள்ளையடிக்கிறவர்கள் கதை எப்போதோ தெரிந்திருக்கும்.

ஆகவே உன் அப்பாவுக்குக் கடிதம் எழுது. அதில் ஒரு கேள்வி கேள். உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்ல முடியாத கேள்வியாக இருக்கட்டும். எழுந்து, செருப்பு மாட்டி, வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுத முடியும் என்பது போல. உதாரணமாக: கால்வாய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கல்லில் செதுக்கிய தலைகள் வரிசையாக இருக்கின்றன. எத்தனை என்று எனக்கே தெரியாது. சின்ன வயதில் எண்ணத் தொடங்கும்போதெல்லாம் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

உன் அப்பா என்னை பஸ் ஏற்ற வந்தார். அரை மணி நேரம் அந்த பஸ் நிலையத்து லிஃப்ட்டில் என்ன கோளாறு என்று விளக்கினார். பஸ் கிளம்பும்போது ஜன்னலில் எட்டி, "தம்பி, உங்க வீட்டுல அம்மாவுக்குன்னு ஒரு ரூம் வச்சிருக்கீங்களாமே, அதைக் காலி பண்ணிடாதீங்க. மழை விட்டதும் ரெண்டு பேரா வந்து பத்து நாள் இருப்போம்" என்றார். அம்மா பக்கத்தில் நின்றார். மறுக்கவில்லை. பத்து வருஷமாக நான் கூப்பிட்டு வராதவரை, அவர் கூப்பிடாமலே சம்மதிக்க வைத்துவிட்டார். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அடுத்த வளைவு வரைக்கும்.

மேலதிகாரி என் சீட்டுக்குப் பதில் எழுதியிருந்தார்: "சென்று வந்தமைக்கு வாழ்த்துகள்."

அண்ணன்

மே 15

அண்ணா!

வேலை செய்துவிட்டது! ஆனால் விபரீதமாக!

நீங்கள் சொன்னபடியே அப்பாவுக்கு எழுதினேன்: "பாலத்தில் எத்தனை தலைகள்?" இன்று பதில். நாலு பக்கம்! என் அப்பா ஆயுளில் எழுதியதையெல்லாம் சேர்த்தாலும் நாலு பக்கம் வராது. நானே பேப்பரைக்கூட விரிக்காமல் வாசலில் நின்றபடி படித்து முடித்தேன்.

இருவருமாகச் சாயங்காலம் போய் எண்ணியிருக்கிறார்கள். அப்பா கிழக்கிலிருந்து, நம் அம்மா மேற்கிலிருந்து. நடுப்பாலத்தில் ஒருவரையொருவர் தாண்டி, மறுகரை வரை போய் முடித்தால், அப்பாவுக்கு நாற்பத்தாறு, அம்மாவுக்கு நாற்பத்தொன்பது. வித்தியாசம் என்ன தெரியுமா? மூன்று தலைக்கு முகமே தேய்ந்துபோயிருக்கிறது. "மூக்கும் இல்லை, வாயும் இல்லை, அது வெறும் உருண்டை. அதைத் தலைன்னு எப்படிச் சேர்க்கிறது?" என்பது அப்பா கட்சி. "மூக்கு தேஞ்சா ஆளே இல்லைன்னு ஆயிடுமா? இன்னும் பத்து வருஷத்துல உங்க மூக்கு எப்படி இருக்கும்னு பார்க்கிறேன்" என்பது அம்மா கட்சி. இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லையாம். கல்யாணமாகி ஒரு மாதம் ஆகவில்லை! தையல்காரர் அம்மா பக்கம். கவுன்ட்டர் ஆட்கள் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். எல்லோருமாக ஞாயிற்றுக்கிழமை காலை பாலத்தில் கூடி மறுபடி எண்ணப் போகிறார்களாம்.

கடிதத்தின் ஓரத்தில் வேறு கையெழுத்தில் ஒரு வரி: "உன் அண்ணன்கிட்ட கேளும்மா. அவன் சொன்னா உங்கப்பாவும் கேப்பாரு, நானும் கேப்பேன்." பக்கத்திலேயே அப்பா எழுதியிருக்கிறார்: "சம்மதம்."

ஞாயிறு காலைக்கு முன் நான் அங்கே இருப்பேன். சனிக்கிழமை வகுப்புகளை எல்லாம் தள்ளிவைத்துவிட்டேன். அத்தை ஏற்கெனவே வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார், இன்றைக்கு வியாழன்தான் என்று சொன்னாலும் இறங்க மாட்டேன் என்கிறார். நீங்கள் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். தொய்யாத டேப்பாக!

தங்கை

பி.கு.: நான் முகமில்லாததையும் சேர்க்க வேண்டும் என்கிற கட்சி. அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள்.